படிவம் 4 பிள்ளைகளோடு ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’: “பாவம் டீச்சர்” என்பதைத் தாண்டிப் போவது எப்படி?

செந்தூல் டீச்சர்:

வணக்கம். செந்தூலில் ஒரு கடைவீட்டு மாடியில் சனிக்கிழமை காலையில் வாசிப்பு வகுப்பு நடத்துகிறேன். டியூஷன் இல்லை, எஸ்பிஎம் (படிவம் 5 அரசுத் தேர்வு) புள்ளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஓர் ஆங்கில நாவலைச் சேர்ந்து படிக்கலாம் வாருங்கள் என்று கூப்பிட்டதில் படிவம் 4, படிவம் 5 பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள், பாதிப் பேர் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்கள். இந்தத் தடவை ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ எடுத்தேன். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாக: 1960-ல் வந்த நாவல், அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு வாங்கியது. கதை நடப்பது 1930-களின் அலபாமாவில், மேகோம்ப் என்ற கற்பனை ஊரில். வெள்ளைக்காரப் பெண்ணைக் கெடுத்தான் என்று டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி மேல் பொய் வழக்கு, அவனுக்காக வாதாடுகிறவர் அட்டிகஸ், கதையைச் சொல்வது அவருடைய சின்ன மகள் ஸ்கவுட்.

பிள்ளைகள் நன்றாகத்தான் படிக்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வழக்கு முடிந்ததும் என்ன தோன்றுகிறது என்று கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் “பாவம் டீச்சர்”, “அந்த ஊர்க்காரனுங்க மோசம் டீச்சர்”, “அட்டிகஸ் சூப்பர்”. அவ்வளவுதான். எழுதச் சொன்னால் ‘நாம் அனைவரும் இன வேறுபாடின்றி ஒற்றுமையாக வாழ வேண்டும்’ என்று தேசிய தினப் பேச்சுப் போட்டியில் பேசுவதை அப்படியே எழுதித் தருகிறார்கள்.

தீர்ப்பு அத்தியாயம் படித்த அதே காலையில் ஒரு பையனின் பவர்பேங்க் காணாமல் போனது. வகுப்பே தலைகீழானது. பையைக் கொட்டிப் பார்க்கும் முன்னாலேயே மூன்று நான்கு பேர், “கீழே கூட்டுறாரே அந்த பங்களா, அவர் மேலே வந்துட்டுப் போனதைப் பார்த்தேன்” என்றார்கள். கீழ்க்கடையில் வேலை செய்யும் வங்காளதேசத்துக்காரர் அவர், தண்ணீர்ப் புட்டி வைக்க வந்திருந்தார். பவர்பேங்க் கடைசிவரை கிடைக்கவில்லை, யார் எடுத்ததென்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் ஐந்து நிமிடம் முன்பு டாமுக்காகக் கண்கலங்கிய அதே பிள்ளைகள்தான் இப்படிப் பேசினார்கள், அவர்களுக்கு இரண்டுக்கும் முடிச்சு போடத் தோன்றவே இல்லை. நான் அதைச் சுட்டிக்காட்டினால் பிரசங்கமாகிவிடும், தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வேறு எப்படி நடத்தலாம்? இன்னும் இரண்டு சங்கடம்: கதையில் கறுப்பினத்தவரை இழித்துச் சொல்லும் அந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. வழக்கே பாலியல் வன்முறை வழக்கு. பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் எவ்வளவு திறந்து பேசலாம்?

ஜெலுத்தோங் வாத்தியார்:

டீச்சர், நான் பினாங்கில் தமிழ் இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவன். உங்கள் நாவலை என் மகள் படிக்கும்போது கூடவே படித்தேன். எனக்கு உடனே ஞாபகம் வந்தது சிலப்பதிகாரம்தான், மதுரைக் காண்டம் முழுக்க ஒரு பொய் வழக்குதானே.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோவலன் வெளியூர்க்காரன், மதுரையில் அவனுக்காகப் பேச ஆளில்லை. பொற்கொல்லன் கைகாட்டியதும் காவலர்கள் வருகிறார்கள். அங்கே ஒரு நல்ல இடம் இருக்கிறது, பிள்ளைகள் யாரும் கவனிக்க மாட்டார்கள். கோவலனின் முகத்தைப் பார்த்ததும் காவலர்களுக்குத் தயக்கம், இவன் கொலை செய்யப்பட வேண்டியவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். உடனே பொற்கொல்லன் ஒரு பெரிய பிரசங்கம் வைக்கிறான்: கள்வர்கள் மந்திரம் வைத்திருப்பார்கள், மருந்து வைத்திருப்பார்கள், நிமித்தம் பார்ப்பார்கள், தந்திரம் தெரிந்தவர்கள் என்று. கோவலன் என்ன செய்தான் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ‘இந்த மாதிரி ஆட்கள்’ எப்படிப்பட்டவர்கள் என்பதுதான் பேச்சு முழுக்க. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அட்டிகஸ் தன் கடைசி வாதத்தில் ஜூரியிடம் சொல்வதும் இதைத்தானே: கறுப்பர் எல்லாரும் பொய் சொல்கிறவர்கள் என்ற நினைப்பில்தான் எதிர்த்தரப்பு சாட்சிகள் பேசினார்கள் என்று.

இப்போது சாட்சியத்துக்கு வாருங்கள். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல், பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப் பரல். உடைத்துக் காட்டினாள், மாணிக்கம் தெறித்தது, வழக்கு முடிந்தது. பாண்டியன் ‘யானோ அரசன், யானே கள்வன்’ என்று விழுந்து செத்தான். மேகோம்பிலும் சாட்சியம் அதே அளவு பளிச்சென்று இருக்கிறது. குற்றம் சாட்டிய பெண் மாயெல்லாவுக்கு அடி விழுந்தது முகத்தின் வலப்பக்கம், அப்பன் பாப் யூவெல் இடக்கைக்காரன், டாமின் இடக்கை சின்ன வயதில் பஞ்சு அரைக்கும் இயந்திரத்தில் மாட்டிச் சூம்பிப்போனது. ஆனாலும் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. மதுரையில் ஒரு பரல் போதுமாயிருந்தது, மேகோம்பில் ஒரு கையே போதவில்லை, ஏன்? இந்தக் கேள்வியைப் போடுங்கள். ‘பாவம் டீச்சர்’ இதற்குப் பதிலாகாது.

கோர்ட் வாசல்:

வாத்தியார் ஐயா சொன்னது அருமை. கோலாலம்பூரில் வழக்காடுகிறவன் என்ற முறையில் நான் ஒன்று சேர்க்கிறேன்.

முதலில், மாதிரி நீதிமன்றம் மட்டும் வைக்காதீர்கள். எல்லா ஆசிரியர்களுக்கும் அந்த ஆசை வரும். ஒரு பிள்ளைக்குக் கறுப்பு அங்கி, ஒன்றுக்குச் சுத்தியல், மற்றவர்கள் ஜூரி. என்ன நடக்கும்? டாமை விடுதலை செய்துவிட்டுக் கைதட்டுவார்கள், பிறகு சாப்பிடப் போவார்கள். கதை தெரிந்த பிறகு விடுதலை செய்வதற்கு ஒரு காசு செலவில்லை. மேகோம்பின் ஜூரிக்கு அது இலவசமாக இல்லை, நாவலின் நடுமுள்ளே அதுதான்.

அதனால் பிள்ளைகளை டாமின் பக்கம் உட்கார வைக்காதீர்கள், ஜூரி நாற்காலியில் உட்கார வையுங்கள், அதுவும் தங்களுடைய நல்ல குணத்தோடு அல்ல. ஒவ்வொருவருக்கும் ஒரு வாழ்க்கையை எழுதிக் கொடுங்கள். நீ சின்ன விவசாயி, விதைக்கும் உரத்துக்கும் ஊர்க் கடையில் கடன், கடைக்காரன் உன் பக்கத்து நாற்காலியில் இருக்கிறான். உன் தங்கையைக் கட்டிக்கொடுத்திருப்பது யூவெல் வீட்டுக்குப் பக்கத்தில். நேற்று ராத்திரி டாமை அடித்துக் கொல்ல ஜெயில் வாசலில் கூடிய கூட்டத்தில் உன் அண்ணனும் இருந்தான். சரி, இப்போது ‘குற்றவாளி இல்லை’ என்று சொன்னால் நாளைக் காலையில் உனக்கு என்ன ஆகும், எழுது. எவன் மோசம், எவன் நல்லவன் என்று எழுத வேண்டாம், விலையை மட்டும் எழுது. கதையிலேயே ஒருவர் விடுதலை என்று பிடிவாதமாக இருந்ததால்தான் தீர்ப்பு வர அவ்வளவு நேரமானது, அவர் கன்னிங்ஹாம் குடும்பத்துக்குச் சொந்தம், அதாவது ஜெயில் வாசல் கூட்டத்தின் ஆட்கள். அந்த அத்தியாயத்தை இந்தப் பயிற்சிக்குப் பிறகு படிக்கக் கொடுத்துப் பாருங்கள்.

ஜூரி என்றால் என்ன என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், நம் பிள்ளைகளுக்கு அது அமெரிக்கத் தொடரில் பார்த்த சங்கதி. நம் நாட்டில் 1995-ல் அதை எடுத்துவிட்டார்கள். அன்றைய அலபாமாவில் பெண்கள் ஜூரியில் உட்கார முடியாது, அட்டிகஸே பிள்ளைகளிடம் சொல்கிறார். கறுப்பினத்தவர் சட்டப்படி உட்காரலாம், ஆனால் பட்டியலில் பெயரே ஏறாது. ஸ்காட்ஸ்போரோவில் 1931-ல் ஒன்பது கறுப்பின இளைஞர்கள் மேல் வந்த வழக்கு இதே அலபாமாதான், இதே வகைக் குற்றச்சாட்டுதான். அது உச்ச நீதிமன்றம் வரை போய், கறுப்பினத்தவரை ஜூரியிலிருந்து திட்டமிட்டு ஒதுக்குவது தவறு என்று 1935-ல் தீர்ப்பு வந்தது. டாமின் வழக்கு நடப்பதும் அதே ஆண்டின் கோடையில்.

பிறகு, டாம் தோற்ற இடம் எது என்று கேளுங்கள். எல்லாரும் தீர்ப்பு என்பார்கள். இல்லை, குறுக்கு விசாரணையிலேயே தோற்றுவிட்டான். கூலி வாங்காமல் அந்தப் பெண்ணுக்கு ஏன் இவ்வளவு வேலை செய்தாய் என்று அரசு வக்கீல் நோண்டுகிறார், டாம் வாய் தவறி, அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்கிறான். மண்டபம் அப்படியே மாறிவிடுகிறது. ஒரு கறுப்பன் ஒரு வெள்ளைக்காரியைப் பார்த்துப் பரிதாபப்படுவதா! உங்கள் பிள்ளைகள் சொல்லும் அதே ‘பாவம்’ டாமின் வாயிலிருந்து வந்தபோது குற்றமாகிவிட்டது. யார் யாரைப் பார்த்துப் பாவப்படலாம் என்பதற்கு ஊரில் ஒரு கணக்கு இருக்கிறது. கீழ்க்கடை அண்ணன் ஒருநாள் உங்கள் மாணவன் ஒருவனைப் பார்த்து “பாவம் தம்பி” என்றால் அவனுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள், நான் சும்மா சொல்கிறேன்.

கெப்போங் பையன்:

டீச்சர், கோவிச்சுக்காதீங்க. எனக்கு இருபது வயது, இந்தப் புத்தகத்தைக் கல்லூரியில் படித்தேன், எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், உங்கள் வகுப்பில் யாராவது ஒருத்தன் வாயை மூடிக்கொண்டு இதையே நினைத்துக்கொண்டிருப்பான்.

டாம் யார்? அவனுக்குப் பெண்டாட்டி இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள், நல்லவன், முடிந்தது. அவன் வீட்டுக்குள் நாம் போவதே இல்லை, ராத்திரி அவன் பெண்டாட்டியிடம் என்ன பேசினான் என்று நமக்குத் தெரியாது. மற்ற எல்லார் வீட்டுக்குள்ளும் போகிறோம், வீட்டைவிட்டு வெளியே வராத பூ ராட்லியின் வாசல்வரை கூடப் போகிறோம். ஸ்கவுட் வளர்வதற்காக ஒருத்தன் சாகிறான், அதுதான் கதை. கேஸ் தோற்ற பிறகு கோர்ட் மாடத்தில் இருக்கிற கறுப்பின மக்கள் எல்லாரும் அட்டிகஸுக்காக எழுந்து நிற்கிறார்கள், மறுநாள் காலையில் அவர் வீட்டு அடுப்படி நிறையச் சாப்பாடு கொண்டு வந்து வைக்கிறார்கள். படிக்கும்போது எனக்கும் தொண்டை அடைத்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், அவர்களில் ஒருவனை ஜெயிலுக்கு அனுப்பியிருக்கிறார்கள், அவர்களுக்குக் கோபமே வராதா? கோபப்படுகிற ஒரே ஆள் லூலா, சர்ச்சில் அட்டிகஸ் வீட்டு வேலைக்காரி கால்பூர்னியாவோடு சண்டை போடுவாளே, அவளையும் ஒரு பக்கத்தில் ஓரங்கட்டிவிடுகிறார்கள்.

நம்ம தோட்டப்புறக் கதைகளில் நல்ல துரை ஒருத்தர் வருவார் பாருங்கள், எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. 2015-ல் ஹார்ப்பர் லீயின் ‘கோ செட் எ வாட்ச்மேன்’ வெளிவந்தது. இந்த நாவலுக்கும் முன்னால் எழுதிய பிரதி அது. அதில் வயசான அட்டிகஸ் இனக்கலப்பை எதிர்க்கிற கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். அதைச் சொன்னால் எங்கள் விரிவுரையாளருக்கே பிடிக்கவில்லை. உங்கள் பிள்ளைகளிடம் அட்டிகஸ் சூப்பரா என்று கேட்காமல், டாமின் மனைவி ஹெலன் இந்தக் கதையைச் சொன்னால் எந்த இடத்தில் ஆரம்பிப்பாள் என்று கேளுங்கள்.

வாடகை விஷயமும் சொல்லணும். நானும் என் கூட்டாளிகளும் அறை தேடும்போது விளம்பரத்திலேயே இந்தியர் வேண்டாம் என்று போட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் போனில் பேர் கேட்டதும் “அறை போயிடுச்சு” என்பார்கள். இதை உங்கள் பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள், அண்ணன் அக்கா மூலமாகவாவது. அதனால் நாமெல்லாம் டாம் என்று நினைத்துக்கொள்வது சுலபம். வக்கீல் அண்ணன் சொன்ன மாதிரி ஜூரி நாற்காலிதான் கஷ்டம், எனக்கும் கஷ்டம்தான். எங்கள் வீட்டில் பங்களாக்காரருக்கு அறை கொடுப்போமா என்றால் அம்மா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

கோர்ட் வாசல்:

தம்பி, லூலா பாயிண்ட் நன்று. வாடகைக்கு ஒரு சட்டக் குறிப்பு: அரசியலமைப்பின் 8-வது பிரிவு சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது, ஆனால் அது கட்டுப்படுத்துவது அரசையும் பொது அதிகாரத்தையும்தான், தனியார் வீட்டுக்காரரை அல்ல. பிள்ளைகள் இதைக் கேட்டால் ‘அப்போ சட்டம் எதுக்கு’ என்று சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

சுங்கை பீசி அம்மா:

என் மகளுக்குப் பதினாறு வயது, அதனால் தாயாக எழுதுகிறேன். வன்முறை வழக்கைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், இந்த வயதில் அவர்கள் கைப்பேசியில் பார்க்காததா. என் பயம் வேறு. இந்தக் கதையில் ஒரு பெண் பொய் சொல்கிறாள். வகுப்பில் இருக்கிற பையன்களில் சிலர் இதை மட்டும் பிடித்துக்கொண்டு, பொண்ணுங்க இப்படித்தான் பொய்க் கேஸ் போடுவாங்க என்று கிளம்பிவிடுவார்கள். அதற்குத் தயாராக இருங்கள் டீச்சர்.

மாயெல்லாவைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வையுங்கள். குப்பை மேட்டுக்குப் பக்கத்தில் வீடு, தாயில்லை, ஏழு பிள்ளைகளை வளர்க்கிறாள், குடிகார அப்பன். அந்தக் கந்தல் முற்றத்தில் ஓட்டைப் பாத்திரங்களில் சிவப்பு ஜெரேனியம் செடி வைத்துப் பராமரிக்கிறாள். கோர்ட்டில் அட்டிகஸ் ‘மேடம்’ என்று கூப்பிட்டால் தன்னைக் கிண்டல் செய்கிறார் என்று அழுகிறாள், மரியாதை என்பதைக் கேட்டே பழக்கமில்லாதவள். அவளை உண்மையில் அடித்தது யார்? அப்பன். அவளும் ஒரு வகையில் சிக்கிக்கொண்டவள், அதே சமயம் ஒருவனைச் சாவுக்கு அனுப்பியவள். இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்கத் தெரிந்தால் பெண்கள் பொய் சொல்வார்கள் என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

அந்த இழிசொல் விஷயத்தில், வாய்விட்டுப் படிக்கும்போது அதை விட்டுவிட்டுப் படியுங்கள், காரணத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள். என் மகனும் அவன் கூட்டாளிகளும் ராப் பாட்டில் கேட்டுவிட்டு அந்தச் சொல்லை ஸ்டைலுக்குச் சொல்கிறார்கள். நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: உன்னை ஸ்கூலில் நம்ம சனத்துக்கென்று வைத்திருக்கிற அந்தச் சொல்லால் கூப்பிட்டால் சிரிப்பாயா? 2011-ல் நம் சனத்தை இழிவாகச் சொல்லும் சொல் இருந்த ‘இன்டர்லோக்’ என்ற மலாய் நாவலைப் படிவம் 5-க்குப் பாடநூலாக வைத்தபோது நம்மவர்கள் எவ்வளவு கொதித்தோம், ஆண்டுக் கடைசியில் எடுக்க வைத்தோம். அப்போது எங்கள் வீட்டில் பெரிய சண்டை, என் அப்பா தூக்கி எறியணும் என்றார், என் தங்கை (அவளும் ஆசிரியை) நல்ல ஆசிரியர் கையில் இருந்தால் நடத்தலாம் என்றாள். அமெரிக்காவிலும் 2017-ல் மிசிசிப்பியின் பிலாக்சி ஊரில் இந்த நாவலைப் பிள்ளைகளுக்குச் சங்கடமாக இருக்கிறது என்று வகுப்பிலிருந்து எடுத்தார்கள். நம் பிள்ளைகளுக்கு இது சுலபமாகப் புரியும், வலித்த இடம் நமக்கும் இருக்கிறது.

செந்தூல் டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கோர்ட் வாசல் அண்ணா, ஜூரி அட்டைகளை எழுத ஆரம்பித்துவிட்டேன், கடைக்காரனுக்குக் கடன் என்பதைச் செட்டிக்கடைக் கடன் என்று சொன்னால் இவர்கள் தாத்தா பாட்டி காலத்துக் கதையோடு ஒட்டும். கெப்போங் தம்பி, ஹெலன் கேள்வியைக் கட்டுரைத் தலைப்பாகவே கொடுக்கிறேன், ‘வாட்ச்மேன்’ பற்றிக் கடைசி வகுப்பில் சொல்கிறேன், முதலிலேயே சொன்னால் படிக்கவே மாட்டார்கள். ஆனால் மாடத்தில் எழுந்து நிற்கிற இடத்தில் உங்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. அட்டிகஸ் ஜெயித்ததற்காக அவர்கள் நிற்கவில்லையே. நேரில் பார்த்தால் இதற்காக உங்களோடு சண்டை போடுவேன்.

நேரம்தான் இடிக்கிறது. 31 அத்தியாயமும் வகுப்பில் படிக்க முடியாது. 2, 3, அப்புறம் வழக்கு நடக்கும் 17 முதல் 21 வரை, 23, மற்றதை வீட்டில் என்று நினைக்கிறேன். மூன்றை விடக்கூடாது, வீட்டுக்குச் சாப்பிட வந்த வகுப்புத் தோழன் வால்ட்டர் கன்னிங்ஹாம் சாப்பாட்டின் மேல் சர்க்கரைப் பாகை ஊற்றிக்கொள்வதைப் பார்த்து ஸ்கவுட் கத்த, கால்பூர்னியா அவளை அடுப்படிக்கு இழுத்துப்போய்த் திட்டுவாளே, வீட்டுக்கு வந்தவன் மேசை விரிப்பையே தின்றாலும் தின்னட்டும் என்று. அடுத்தவன் தோலுக்குள் புகுந்து பார் என்ற அட்டிகஸின் வசனத்தை எல்லாரும் சுவரொட்டியாக ஒட்டுகிறார்கள், அதே அத்தியாயத்தில் வேலைக்காரி சொன்னதை யாரும் ஒட்டுவதில்லை.

பவர்பேங்க் விஷயத்தை மட்டும் எப்படி உள்ளே கொண்டு வருவது என்று இன்னும் தெரியவில்லை. பெயர் சொல்லிச் சொன்னால் அந்த மூன்று நான்கு பிள்ளைகளும் வகுப்புக்கே வர மாட்டார்கள்.

ஜெலுத்தோங் வாத்தியார்:

நீங்கள் அதைச் சொல்லவே வேண்டாம் டீச்சர். சிலம்பில் உரைபெறு கட்டுரை என்று ஒரு பகுதி இருக்கிறது, பாடத்தில் தாண்டிப் போய்விடுவோம். கண்ணகி மதுரையை எரித்த பிறகு பாண்டிய நாட்டில் மழையில்லை, பஞ்சம், வெப்பு நோய். கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் என்ன செய்தான் தெரியுமா, பொற்கொல்லர் ஆயிரம் பேரைப் பலி கொடுத்தான். மழை பெய்தது, நோய் நீங்கியது என்று நூல் முடித்துவிடுகிறது. பொய் சொன்னவன் ஒருவன், அவனுக்காக அவன் தொழில்காரர் ஆயிரம் பேர் செத்தார்கள். நான் பள்ளியில் நடத்தும்போது கண்ணகிக்கு நீதி கிடைத்ததா என்று கேட்பேன், கை தூக்குவார்கள். இந்தப் பத்தியைப் படித்துக்காட்டிவிட்டு மறுபடியும் கேட்பேன். இரண்டாம் தடவை கை தூக்கியவர்களிடம் ஏன் என்று கேட்பேன், தூக்காதவர்களிடமும் கேட்பேன், என் பக்கத்துப் பதிலைச் சொல்ல மாட்டேன். முதலில் இதைப் பேசி முடித்துவிட்டு, அப்புறம் ஜூரி அட்டையைக் கொடுங்கள். வங்காளதேசத்து அண்ணனை அவர்களே கொண்டு வருவார்கள், வராவிட்டாலும் பரவாயில்லை.

செந்தூல் டீச்சர்:

ஐயா, இது எனக்குத் தெரியவே தெரியாது! எந்த இடத்தில் இருக்கிறது, தேடிப் பிடிக்க வேண்டுமா?

ஜெலுத்தோங் வாத்தியார்:

தேட வேண்டாம், பதிகம் முடிந்ததும் மங்கல வாழ்த்துக்கு முன்னால் இருக்கும், ஒரு பக்கம்கூட வராது. நடை கொஞ்சம் கரடுமுரடு, அதனால் மூலத்தையும் எளிய உரையையும் ஒரே தாளில் நகல் எடுத்துக் கொடுங்கள். பாண்டியனோடு கொங்கு, ஈழ, சோழ அரசர்களின் சங்கதியும் அதில் வரும், அதை விட்டுவிடலாம்.